கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மலைநாட்டுப் பகல்

வீட்டு மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் நான்கைந்து மீன்கள், சில நீர்ச்செடிகள், மேலே ஒரு மின்விளக்கு. இந்த விளக்கை எத்தனை மணிக்கு ஏற்றி எத்தனை மணிக்கு அணைப்பது என்ற கேள்வி சிறுவர்களின் பொழுதுபோக்குக்குரிய சில்லறை விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் மூன்று முக்கிய இழைகள் நமது மலையகத்தினூடாகச் செல்கின்றன. உலகெங்கும் தொட்டிகளில் வளரும் செடிகளுட் சில இலங்கையின் ஈரவலய ஓடைகளிலிருந்து போனவை. அத்தொட்டிகளில் விளக்கு எரியும் நேரம் இந்த அகலக்கோட்டுப் பகலின் நகல். விளக்குக்கு வேண்டிய மின்சாரமோ, இலங்கையைப் பொறுத்தவரை, நீண்ட காலம் மலைநாட்டு ஆறுகளிலிருந்தே வந்தது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஐரோப்பாவுக்குச் செல்வோம். ஒல்லாந்தில் பிறந்த மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் 1779ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, பச்சை இலைகளை நீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்துப் பார்த்தார். இலைகளிலிருந்து சிறு குமிழ்கள் எழுந்தன. இருளில் வைத்தபோது அவ்வாறு எழவில்லை. செடி காற்றைச் சுத்திகரிக்கிறது என்பதை அவருக்கு முன்பே யோசப் பிறீஸ்ற்லி கண்டிருந்தார். ஆனால் வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே அது நிகழ்கிறது என்பதையும், இருளில் செடியும் நம்மைப்போலவே காற்றைக் கெடுக்கிறது என்பதையும் நிறுவியவர் இங்கன்ஹவுஸ்தான். தொட்டி விளக்கு பற்றிய எல்லாக் கணக்குக்கும் அடிப்படை இந்த உண்மையே.

அடுத்தவர் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட். மூடிய கண்ணாடிப் போத்தல் ஒன்றுக்குள் பன்னச்செடி தானாக முளைத்து உயிர் வாழ்வதை அவர் 1829இல் கவனித்தார். அதிலிருந்து பிறந்தது வார்டின் கண்ணாடிப் பெட்டி. மாதக்கணக்கான கப்பற் பயணத்தில் உப்புக் காற்றுப் படாமல் செடிகளைக் கொண்டு செல்ல அது உதவியது. சீனாவிலிருந்து றொபேட் போர்ச்சூன் இந்தியாவுக்குத் தேயிலைக் கன்றுகளைக் கொண்டு வந்தது இத்தகைய பெட்டிகளில்தான். மலையகத்தின் தலைவிதியை மாற்றிய தேயிலைக்கும் வரவேற்பறை மீன்தொட்டிக்கும் ஒரே கண்ணாடிப் பெட்டி மூதாதையாக இருப்பது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று.

1850இல் றொபேட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர் தங்கமீன்களையும் வலிஸ்நேரியா எனும் நாடா போன்ற நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே பாத்திரத்தில் இட்டு, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும் சமநிலையை விளக்கினார். 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்களுக்கெனக் கண்ணாடி மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் 'அக்குவாரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. சென்னை மெரினாக் கடற்கரையிலும் 1909இல் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தேர்ஸ்டன் முன்னின்று உருவாக்கிய அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

அக்காலத் தொட்டிகளுக்கு யன்னல் வெயில்தான் விளக்கு. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் கோடையின் நடுவில் பகல் ஏறத்தாழ 17 மணி நேரம். மார்கழியில் ஏழரை மணி நேரம் மட்டுமே. கோடையில் தொட்டி பச்சைப் பாசியால் நிறைந்தது. குளிர்காலத்தில் செடிகள் வெளுத்து அழுகின. வெப்பவலயச் செடிகளை வடக்கே வைத்திருப்பதானால் வெப்பத்தை மட்டும் கொடுத்தாற் போதாது, வெப்பவலயப் பகலையும் கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி அந்தச் செடிகளைப் பார்ப்போம்.

கிரிப்டோகொரைன் என்பது சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த நீர்ச்செடி இனம். 1830இல் இடப்பட்ட இப்பெயர் கிரேக்க மொழியில் 'மறைந்த கதாயுதம்' எனப் பொருள்படும். பூத்தண்டு குழாய் போன்ற மடலுக்குள் ஒளிந்திருப்பதால் இப்பெயர். இந்தியாவிலிருந்து நியூகினி வரை பரந்துள்ள இந்த இனத்திற் பத்தளவான வகைகள் இலங்கையில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை வேறெங்கும் இயற்கையாக வளராதவை. தமிழ் மருத்துவத்துக்கும் இவ்வினம் அந்நியமன்று. தமிழகத்தில் வளரும் இதன் ஒரு வகையின் கிழங்கு 'நாட்டு அதிவிடயம்' என்ற பெயரில் சித்த மருந்துக் கடைகளில் விற்கப்படுகிறது.

இலங்கை வகைகளின் பெயர்களை வரிசையாகப் படித்தால் அது பிரித்தானிய ஆட்சிக்கால வருகைப் பதிவேடு போல இருக்கும். 1857இல் பெயரிடப்பட்ட இரண்டு வகைகளில் ஒன்று, இலங்கையில் செடிகள் சேகரித்த வோக்கர் பெயரைத் தாங்கியது. மற்றது பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ் என்பவரின் பெயரைத் தாங்கியது. பெக்கற் என்ற கோப்பித் தோட்டக்காரர் பெயரில் ஒன்று; நெவில் என்ற சிவில் அதிகாரியின் பெயரில் இன்னொன்று; பேராதனையின் பிற்காலத் தலைவர் வில்லிஸின் பெயரில் மற்றொன்று. 1958இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விற் ஒரு வகைக்கு அல்பேட் வெண்ட் என்ற ஜேர்மனிய மீன்தொட்டி ஆர்வலரின் பெயரை இட்டார். இன்று உலகிற் பரவலாக விற்பனையாகும் நீர்ச்செடிகளுள் இந்த வெண்டியும் ஒன்று. துரைமாரும் அதிகாரிகளும் ஐரோப்பிய ஆர்வலரும் பெயர்ப் பட்டியலில் உள்ளனர். காட்டை வெட்டி ஓடைகளுக்கு வழி திறந்த கூலியாட்களின் சுவடு அதில் இல்லை.

துவைட்ஸைப் பற்றி ஒரு செய்தியைக் கூறாமற் செல்ல முடியாது. 1869இல் கோப்பி இலைகளிற் காவி நிறத் தூளாகப் படிந்த நோயின் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பி, அது புதிய பூஞ்சணம் என்று அறியச் செய்தவர் அவரே. அந்தப் பூஞ்சணம் கோப்பியை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. நாவலப்பிட்டி வரை 1874இல் வந்திருந்த புகையிரதப் பாதை 1884இல் வட்டவளையைக் கடந்து ஹட்டனை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கிய அதே பாதையோரம் இறங்கும் மழைநீர், மகாவலியாகி நாவலப்பிட்டி, கம்பளை வழியே பேராதனைப் பூங்காவைச் சுற்றி வளைந்தோடுகிறது. தொட்டியின் முன்வரிசையில் நடப்படும் 'பர்வா' எனும் குறுஞ்செடியின் தாயகமும் அந்தக் கண்டிப் பிரதேச நீர்க்கரைகளே.

அந்த நீர்க்கரைகளில் வெளிச்சம் எப்படிப்பட்டது? வட்டவளை ஏறத்தாழ ஏழாம் பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. இங்கு ஆண்டின் மிகக் குறுகிய பகல் 11 மணி 43 நிமிடமளவு. மிக நீண்ட பகல் 12 மணி 32 நிமிடமளவு. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஐம்பது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே பகலின் நீளம் இங்கு மாறுவதே இல்லை எனலாம். மாறுவது பகலின் பிரகாசம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளை, நாட்டின் மிக ஈரமான இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மலைமுகடு தெரியாத நாட்களே அதிகம். அப்போதும் பகல் பன்னிரண்டு மணிநேரந்தான். ஆனால் இலையின் மீது விழும் ஒளி பலமடங்கு குறைந்துவிடும்.

நேரம் வேறு, பிரகாசம் வேறு. மீன்தொட்டி வைத்திருப்போர் பலர் குழம்புவது இந்த இடத்திலேயே. மங்கலான விளக்கைப் பதினாறு மணிநேரம் எரியவிட்டால் பிரகாசக் குறைவு ஈடாகும் என்று எண்ணுகின்றனர். அது ஈடாவதில்லை. ஓரளவு பிரகாசத்துக்குக் கீழே, செடி தயாரிக்கும் உணவு அதன் சுவாசத்துக்கே போதாது. எஞ்சிய நேரத்தையும் ஊட்டத்தையும் பாசி எடுத்துக்கொள்ளும்.

இந்த வேறுபாட்டைத் தோட்டத் தொழிலாளர் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தனர். தேயிலைக்கு நிழல் தரும் முருக்கு முதலிய மரங்களின் கிளைகளைப் பருவமழைக்கு முன் கழித்துவிடுவது மழை மிகுந்த தோட்டங்களின் வழமை. மேகம் மூடும் மாதங்களில் கொழுந்துக்கு மிஞ்சிய வெளிச்சம் கிடைக்கட்டும் என்பதே காரணம். வெயிற் காலம் வரும்போது கிளைகள் மீண்டும் தழைத்து நிழல் தரும். ஆணையிட்டவர் துரை; கத்தியுடன் மரத்திலேறி வெளிச்சத்தை அளந்து விட்டவர் தொழிலாளி.

பகல் நீளத்தின் பயன் தேயிலையிலும் தெரியும். அசாமில் குளிர்காலத்தில் பகல் குறுகி, குளிரும் சேரும்போது தேயிலைச் செடி ஒடுங்கிக் கொழுந்து விடுவதை நிறுத்திக்கொள்ளும். பதினொன்றேகால் மணிநேரத்துக்குக் குறையாத பகலுள்ள மலையகத்தில் அத்தகைய நீண்ட ஒடுக்கம் இல்லை. எனவேதான் இங்கு பன்னிரண்டு மாதமும் கொழுந்து. பன்னிரண்டு மாதமும் பெரட்டு.

செடி பகலின் நீளத்தை அளக்கிறது என்பதை விஞ்ஞானம் முறையாக அறிந்தது 1920இல். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கார்னர், அலார்ட் ஆகிய இருவரும், பூக்க மறுத்த ஒரு புகையிலை வகையை நாள்தோறும் குறித்த நேரத்தில் இருட்டறைக்குள் வைத்து, பகலைக் குறுக்கிப் பூக்க வைத்தனர். வெப்பமோ பசளையோ அல்லாமல், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான பங்கீடே செடியின் நாட்காட்டி என்பது அதன்பின் உறுதியாயிற்று. செடிக்கு வெளிச்சம் போலவே தடையற்ற இருளும் தேவை என்பது இதிலிருந்து தொட்டிக்காரர் பெறும் பாடம்.

1938இல் ஒளிர்குழாய் விளக்குகள் சந்தைக்கு வந்தன. நாம் 'ரியூப் லைற்' என்று அழைக்கும் இவை சாதாரண மின்குமிழ் போல நீரைச் சூடாக்காமல் நீண்ட தொட்டி முழுவதற்கும் ஒளி தந்தன. அவற்றோடு நேரக் கருவியும் சேர்ந்தபோது, ஹம்பேர்க்கின் மார்கழி இருளிலும் பேராதனையின் பன்னிரண்டு மணிநேரப் பகலை உண்டாக்க முடிந்தது. பத்து முதல் பன்னிரண்டு மணிநேரம் என்று பழைய கைநூல்கள் கூறிய கணக்கின் மூலம் இந்த வெப்பவலயப் பகலே. பின்னாளில் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) நீர்ச்செடித் தொட்டியை ஒரு நிலக்காட்சிக் கலையாக வளர்த்தபோது விளக்குகளின் பிரகாசம் பெருகியது, நேரம் குறைந்தது. இன்று எல்.ஈ.டி. விளக்குடன் நன்கு செடி வளர்ப்போர் எட்டு மணிநேரத்தையே பெரும்பாலும் போதுமாகக் கொள்கின்றனர். புதிதாக நட்ட தொட்டிக்கு ஆறு மணிநேரத்தில் தொடங்கிச் சில வாரங்களிற் படிப்படியாகக் கூட்டுவது பாசியைத் தவிர்க்க உதவும்.

காட்டிற் பன்னிரண்டு மணிநேரம், தொட்டியில் எட்டு என்பது முரணன்று. காட்டோடையில் காலையும் மாலையும் மரநிழல் அடர்ந்திருக்கும். உச்சிவேளை சார்ந்த சில மணிநேரமே செடிக்கு உண்மையான உணவுப் பொழுது. தொட்டி விளக்கோ ஏற்றிய கணத்திலிருந்தே உச்சிவேளை.

இனி மாலைப் பிரச்சினைக்கு வருவோம். காலையில் வேலைக்குப் போய் அந்தி சாயத் திரும்புபவர், தொட்டியை ஆறுதலாகப் பார்க்கக்கூடிய நேரம் இரவு ஏழு முதல் பத்து வரைதான். காலை ஆறு மணிக்கு ஏற்றிய விளக்கை இரவு பத்துக்கு அணைப்பது பதினாறு மணிநேரமாகும். அதன் விளைவு கண்ணாடியெங்கும் பாசி. இதற்குத் தீர்வு எளிது. தொட்டியின் பகல் நமது பகலோடு ஒத்திருக்க வேண்டுமென்ற விதி எதுவும் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு ஏற்றி இரவு பத்துக்கு அணைக்கலாம். செடிக்குத் தேவை நாள்தோறும் தவறாத ஒழுங்கு. அந்த ஒழுங்கு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. யன்னல் வெயில் நேரே விழாத இடத்தில் தொட்டி இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

காலையில் நான்கு மணிநேரம், பின் இடைவேளை, மாலையில் நான்கு மணிநேரம் என்று பிரிக்கும் முறையும் உண்டு. ஜேர்மனிய ஆர்வலரிடையே பெயர் பெற்ற இம்முறை பாசியை ஒழிக்கும் என்பது நிரூபணமானதன்று. ஆனால் காலைத் தேநீரோடும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் தொட்டியைப் பார்க்க விரும்புவோருக்கு அது வசதி; செடிகளும் தாங்கிக்கொள்ளும். கிரிப்டோகொரைன் வகைகளைப் பொறுத்தவரை கவனம் வேறிடத்தில் வேண்டும். அவை மிதமான ஒளிக்குப் பழகியவை. ஒளியையோ நீரையோ திடீரென்று மாற்றினால் இலைகள் ஓரிரு நாளிற் கூழாகக் கரைந்துவிடும். பலர் செடி செத்ததென்று பிடுங்கி எறிவர். வேர் உயிரோடிருந்தால் சில வாரங்களிற் புதிய இலை வரும். பொறுமையே மருந்து.

மீன்களையும் மறத்தலாகாது. கும்மிருட்டில் திடீரென்று விளக்கை ஏற்றினால் அவை மிரண்டு பாயும். முதலில் அறை விளக்கு, சில நிமிடங்களின் பின் தொட்டி விளக்கு. அணைக்கும்போது இதன் மறுதலை. இரவு முழுவதும் நீல விளக்கை எரியவிடுவது பார்ப்பவருக்கு அழகு, மீனுக்கு உறக்கக் கேடு.

மின்சாரத்தின் கதை எஞ்சியுள்ளது. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இல் மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் பெறலாம் என்று விரிவான கட்டுரையொன்றைச் சமர்ப்பித்தார். குடியேற்ற அரசின் தயக்கத்தால் தேங்கிய லக்சபான திட்டம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. பின் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். மகாவலிப் பக்கத்திற் கொத்மலை. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. மலைநாட்டு மழை கொழும்பின் விளக்காயிற்று. அந்த விளக்கின் கீழ் மீன்தொட்டிகளும் ஒளிர்ந்தன.

அணைக்கட்டுகளின் அயலிலிருந்த லயங்களில் மட்டும் நெடுங்காலம் குப்பி விளக்கு. தேயிலைத் தொழிற்சாலையிலும் துரை பங்களாவிலும் மின்குமிழ் எரிந்தது. சில தோட்டங்கள் ஓடையிற் சொந்தச் சுழலி வைத்தே மின்சாரம் எடுத்தன. பெரும்பாலான லயக் காம்பிராக்களுக்கு மின்கம்பி மிகப் பிந்தியே வந்தது. பலவற்றுக்கு 1990களுக்குப் பின். செடிக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை என்று கணக்கிட்ட நிருவாகங்கள், அச்செடியைப் பேணியவரின் பிள்ளை எந்த வெளிச்சத்திற் பாடம் படிக்கும் என்று கணக்கிடவில்லை.

வெளிச்சத்துக்காக நாட்டின் கடிகாரத்தையே திருப்பிய காலமும் உண்டு. 1996இல் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி நீண்ட மின்வெட்டுகள் வந்தபோது, மாலை மின்பாவனையைக் குறைக்கவென மே 25ஆம் திகதி நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரைமணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழைய நேரம் திரும்பியது. வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. மலையகத்திலோ பிள்ளைகள் பொழுது புலரும் முன்னரே பள்ளிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. மனிதரின் பகலைச் சட்டத்தால் நகர்த்திய அந்தப் பத்தாண்டை, தொட்டியின் பகலை ஒரு சிறு கருவியால் நகர்த்துபவர் எண்ணிப் பார்ப்பது தகும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது தொட்டி வைத்திருந்தோர் இங்கன்ஹவுஸின் பாடத்தை மீண்டும் படித்தனர். விளக்கும் காற்றுப் பம்பியும் நின்றதும், அதுவரை உயிர்வாயு தந்த செடிகள் இருளில் மீனோடு போட்டியிட்டு அதையே உட்கொண்டன. செடி அடர்ந்து மீன் நெருங்கியிருந்த தொட்டிகளுக்கே ஆபத்து அதிகம். யன்னலோரத்து மங்கல் ஒளியும், குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவதுமே அத்தருணத்திற் கைகொடுக்கக் கூடியவை.

ஒரு சிறு கணக்கோடு முடிக்கலாம். பழைய 40 வாற் ரியூப் இரண்டு பன்னிரண்டு மணிநேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 29 அலகு. மின்சார சபையின் கட்டணப் பட்டியலில் மிகக் குறைந்த பாவனையாளருக்குரிய முதற் படியே 30 அலகுதான். ஒரு மீன்தொட்டி, ஏழைக் குடும்பமொன்றின் முழு மாத மின்சாரத்தைக் குடித்தது. இன்று 30 வாற் எல்.ஈ.டி. எட்டு மணிநேரம் எரிந்தால் ஏழு அலகுக்குச் சற்று அதிகம். செடிக்கும் அதுவே நல்லது, மீனுக்கும் நல்லது, மலைநாட்டு ஆறுகளுக்கும் நல்லது.

லயங்களுக்கு முதல் மின்குமிழ் எந்த ஆண்டில் வந்தது, அதற்கு முன் இரவுகள் எப்படிக் கழிந்தன என்பதைத் தோட்டம் தோட்டமாக எழுதி வைக்க வேண்டிய காலம் இது. நீர்ச்செடிகளைக் கண்டெடுத்தவர் பெயரும் ஆண்டும் தாவரவியல் நூல்களிற் பத்திரமாக உள்ளன. குப்பி விளக்கின் காலத்தை நேரிற் கண்ட மூத்தவர்கள் குறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதும் கடமை வட்டவளை, ஹட்டன் பகுதி இளையோருடையது.